பூனையின் நாக்கும் நமது இனிப்பும்

பூனைக்கு இனிப்புக் கொடுக்கலாமா என்றொரு கேள்வியை இலக்கிய ஏடொன்றிலே எழுப்புவது சிலருக்கு விளையாட்டுத்தனமாகத் தோன்றக்கூடும். மனிதருக்கே சோறு சரிவரக் கிடைக்காத காலங்களைக் கண்ட நாட்டிலே பூனையின் தீனியைப் பற்றி எழுத வேண்டுமா என்று கேட்பவரும் உளர். ஆயினும் இந்தச் சிறிய கேள்விக்குள்ளே வேறொரு கேள்வி படுத்துக் கிடக்கிறது. நான் ஆசைப்படும் ஒன்றை எடுத்து இன்னோர் உயிரின் வாயில் வைத்தால், அது நான் அவ்வுயிருக்குச் செய்த நன்மையாகிவிடுமா? கொடுத்தவனின் மனதைப் பார்ப்பதா, வாங்கிய வயிற்றைப் பார்ப்பதா?

நான் கற்பிப்பது மாத்தளை மாவட்டத்துக் கிராமப் பாடசாலையொன்றில். மிளகுக்கொடி படர்ந்த மரங்களும், தென்னையின் கீழே கொக்கோவும், வீட்டுக்கு வீடு இரண்டு மூன்று பூனைகளும் உள்ள ஊர். 2022 ஆம் ஆண்டில் ஒரு நாள் ஆறாம் தரத்துப் பிள்ளையொருவன் எழுந்து நின்று, "சேர், நான் டொபில பாதியப் பூனைக்குக் குடுத்தேன். நன்மை கெடைக்குமா?" என்று கேட்டான். அவன் உட்காருவதற்குள் பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "பூனைக்கு டொபி நஞ்சு சேர், செத்துப்போயிரும்" என்றாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

அந்த ஆண்டை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. பால்மா வாங்க வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. பாடசாலைக்கு வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். அந்த நாட்களில் ஒரு டொபியின் பாதி என்பது, இருப்பவன் இரண்டு லட்சத்தில் எடுத்து நீட்டும் ஆயிரத்தைவிடப் பெரியது. ஆகவே அந்தப் பிள்ளையின் கேள்வியைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆசிரியர் அறையில் எங்கள் மௌலவியிடம் இதைச் சொன்னேன். "செயல்கள் எண்ணங்களைக் கொண்டுதானே சேர், புள்ளைட நிய்யத் நல்லது. அதுக்கு மேல நாம என்னத்தப் பாக்கிற?" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அது பாதி விடைதான் என்பது என் எண்ணம். மற்றப் பாதியைத் தேட முதலில் பூனையின் வாய்க்குள்ளே போக வேண்டும்.

பின்வாங்குப் பிள்ளை சொன்னதுபோல் சீனி பூனைக்கு நஞ்சன்று. ஒரு துண்டு டொபியை நக்கியதால் எந்தப் பூனையும் மாண்டுபோவதில்லை. ஆனால் முதலாவது பிள்ளை நினைத்ததுபோல் அது பூனைக்கு விருந்துமன்று. பூனைக்கு இனிப்பென்ற சுவையே தெரியாது. இது வெறும் ஊகமன்று. 2005 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலுள்ள மொனெல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த சியா லீ முதலானோர் இதற்கான காரணத்தைக் கண்டு வெளியிட்டனர். நமது நாக்கில் இனிப்பை அறியும் வாங்கி இரண்டு புரதங்கள் சேர்ந்து உண்டாவது. அவ்விரண்டில் ஒன்றை ஆக்கும் பரம்பரையலகு பூனையிடத்தில் சிதைந்து கிடக்கிறது. அதன் ஒரு பகுதியிலே 247 எழுத்துகள் காணாமற்போயுள்ளன. புலியையும் சிவிங்கியையும் பார்த்தார்கள். அவற்றிலும் அதே குறை. குறை என்று நாம்தான் சொல்கிறோம். இறைச்சியைத் தின்று வாழும் உயிருக்கு இனிப்பை அறிந்து ஆவதென்ன? பயன்படாத கதவு துருப்பிடித்து மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும். எங்கள் வீட்டுப் பூனை ஐஸ்கிறீம் தின்கிறதே, பெருநாளன்று வட்டிலப்பக் கோப்பையை நக்கித் துடைத்துவிட்டதே என்பார்கள். வட்டிலப்பத்தில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, ஏலம், சாதிக்காய். நாம் கருப்பட்டிக்காகச் சாப்பிடுகிறோம். பூனை முட்டைக்கும் பாலின் கொழுப்புக்குமாக வருகிறது. ஒரே கோப்பையில் நாம் உண்பது ஒரு பண்டம், அது உண்பது வேறொரு பண்டம். ஐஸ்கிறீமும் அப்படித்தான், பாற்கொழுப்பின் வாசம் இழுக்கிறது. நோன்பு காலத்தில் பள்ளிவாசல் முற்றத்தில் கஞ்சிக்காகக் காத்திருக்கும் பூனைகளுக்கு ஒரு பேரீச்சம்பழத்தைப் போட்டுப் பாருங்கள். முகர்ந்து பார்த்துவிட்டு உங்களைப் பார்க்கும். கஞ்சிக் கோப்பையில் ஒட்டியிருக்கும் இறைச்சித் துணுக்குத்தான் அதற்கு வேண்டும். (கஞ்சியிலுள்ள வெங்காயமும் உள்ளியும் பூனையின் குருதிச் செங்கலங்களை உடைப்பவை என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.)

பூனையின் உடல் முழுவதுமே இந்த நாக்குக்கு ஏற்ற விதத்தில் அமைந்தது. மாவுப்பொருளை வாயிலேயே உடைக்கத் தொடங்கும் நொதியம் நமது உமிழ்நீரில் உண்டு, பூனையின் உமிழ்நீரில் இல்லை. ஒரே நேரத்தில் வந்து சேரும் பெருமளவு குளுக்கோசைக் கையாளுவதற்கு நமது ஈரலில் இருக்கும் ஏற்பாடு பூனையின் ஈரலில் மிகச் சொற்பம். ஆகவே நாள்தோறும் சீனிப்பண்டம் உண்ணும் பூனைக்கு வயிற்றோட்டம் வரும், உடல் கொழுக்கும். கொழுத்த பூனைக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி. வந்துவிட்டால் மனிதரைப் போலவே அதற்கும் இன்சுலின் ஊசி, அதுவும் பெரும்பாலும் நாளுக்கு இருமுறை. எங்கள் ஊரில் மனிதரே ஊசிக்காக வெள்ளிக்கிழமை கிளினிக்கில் வரிசையில் நிற்கிறார்கள்.

சீனி நிறைத்துவிட்ட வயிற்றில் இறைச்சிக்கு இடமில்லை என்பது இதைவிடப் பெரிய விடயம். டோரின் என்றொரு பொருள் இறைச்சியிலும் மீனிலும் உண்டு, தாவரங்களில் இல்லையெனலாம். மனித உடல் அதைத் தானே ஆக்கிக்கொள்ளும். பூனையால் போதியளவு ஆக்கிக்கொள்ள இயலாது. அது கிடைக்காத பூனையின் விழித்திரை அழிந்து பார்வை போகும் என்பது 1975 ஆம் ஆண்டில் தெரியவந்தது. இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பதை 1987 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தார் எடுத்துக்காட்டினர். நமது கிராமத்துப் பூனை சோறும் மீன்குழம்பும் தின்று இவற்றுக்குத் தப்புவது எப்படி? நாம் காணாத வேளையில் அது எலியும் ஓணானும் பல்லியும் பிடித்துத் தன் கணக்கைத் தானே சரிசெய்து கொள்கிறது. நகரத்து மாடிவீட்டில் அடைபட்டு பிஸ்கட்டும் பாலும் சோறுமாக வளரும் பூனைக்கு அந்த வழியும் அடைபட்டுப் போகிறது. அன்பு கூடிய வீட்டில் கண் குருடாகும் பூனை! இந்த முரண்பாட்டை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

டொபியைப் பற்றி இவ்வளவு நிதானமாகப் பேசலாம். சொக்லட்டைப் பற்றி அப்படிப் பேச முடியாது. நமது பிள்ளைகள் எந்தச் சொக்லட்டையும் கண்டோஸ் என்றே சொல்வார்கள். அதன் மூலப்பொருள் தொலைதூரத்திலிருந்து வருவதன்று. எங்கள் தோட்டங்களிலே காய்ப்பது. 1869 இல் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பின்னர் தோட்டக்காரர் நாடிய பயிர்களுள் கொக்கோவும் ஒன்று. மாத்தளையும் தும்பறையும் அதற்கு ஏற்ற மண்ணாயின. தாவரவியலார் லின்னேயஸ் 1753 இல் அம்மரத்துக்கு இட்ட இலத்தீன் பெயருக்குத் தேவர்களின் உணவு என்று பொருள். அப்பெயரிலிருந்தே தியோபுரோமின் என்ற பொருளுக்கும் பெயர் வந்தது. கொக்கோ விதையின் கசப்புக்குப் பெரும் காரணம் அதுதான். மனித உடல் அதை விரைவிலே கழித்துவிடும். பூனையும் நாயும் மெதுவாகத்தான் கழிக்கும். தேங்கி நிற்கும் நஞ்சு வாந்தியையும் படபடப்பையும் நடுக்கத்தையும், அளவு மிகுந்தால் வலிப்பையும் உண்டாக்கும். நாய்களில் உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவிலேயே அறிகுறிகள் தொடங்கலாமென்பது மிருக வைத்தியர்களின் கணக்கு. பூனைக்கும் அதையே கொண்டு பார்க்கிறார்கள். பால் சொக்லட்டில் கிராமுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் உண்டு. மூன்று கிலோப் பூனைக்கு 30 கிராம் போதும் என்றாகிறது. கறுத்த சொக்லட்டிலும் கேக்குக்குப் போடும் கொக்கோத் தூளிலும் அது பல மடங்கு. நாய்களோடு ஒப்பிடுகையில் பூனைகள் இதனால் பாதிக்கப்படுவது குறைவு. காரணம் முன்னர் கூறியதே: இனிப்புத் தெரியாத பூனை சொக்லட்டைத் தானாகத் தேடிப் போவதில்லை. நாம்தான் பால்வாசம் சேர்த்து ஊட்டிவிடுகிறோம்.

கொக்கோ காயைக் குரங்கும் மரநாயும் உடைத்துத் தின்பதை எங்களூரார் கண்டிருப்பார்கள். வெண்ணிறச் சதையைச் சப்பிவிட்டு விதையைத் துப்பிவிட்டுப் போகும். எது தனக்கு, எது தனக்கில்லை என்பதில் அவற்றுக்குள்ள தெளிவு வியப்புக்குரியது.

சீனியில்லா மிட்டாய்களிலும் சுவிங்கத்திலும் சேர்க்கும் சைலிட்டோல் பற்றியும் கேட்பார்கள். நாய்க்கு அது கொடிய நஞ்சு என்பதில் ஐயமில்லை. பூனை அதைத் தாங்கிக்கொண்டதாக 2018 இல் ஒரு சிறிய ஆய்வு வெளிவந்தது. சில பூனைகளை மட்டும் வைத்துப் பார்த்தது. அதை நம்பி எவரும் பரீட்சை செய்ய வேண்டியதில்லை. உண்மையில் மிட்டாயைவிட அதன் உறை பூனைக்கு ஆபத்தானது. பூனையின் நாக்கிலுள்ள முட்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை. வாயில் மாட்டிய நூலையோ முறுக்கிய தாளையோ அதனால் துப்புவது கடினம், விழுங்கத்தான் முடியும். பெருநாள் பெட்டியில் கட்டியிருக்கும் மினுக்க நாடா குடலிலே போய் ஒரு முனை சிக்கிக்கொண்டால் குடல் துணியில் இழுத்த நூலைப்போலச் சுருங்கிக் கிழியும். அதற்குச் சத்திரசிகிச்சைதான் வழி.

சரி, மௌலவி சொன்ன நிய்யத்துக்கு வருவோம்.

தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஒருவர் முழு விசுவாசியாகமாட்டார் என்ற கருத்திலமைந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் உள்ளது. ஏறத்தாழ எல்லா மார்க்கத்தாரும் எல்லா நாட்டு ஞானியரும் ஏதோவொரு வடிவில் இதைக் கூறியிருக்கிறார்கள். இதை அப்படியே பூனையின்மேல் வைத்துப் பார்த்தால் என்ன ஆகிறது? எனக்கு டொபி விருப்பம், ஆகவே பூனைக்கும் டொபி. விதியைப் பின்பற்றியாயிற்று, பூனைக்கு வயிற்றோட்டம். ஆங்கில நாடகாசிரியர் பெர்னாட் ஷா 1903 இல் இந்த விதியையே கேலி செய்தார். மற்றவரின் சுவை வேறாக இருக்கலாமே என்பது அவரது குத்தல். அது கெட்டிக்காரத்தனமான பேச்சுத்தான். ஆனால் நஸாஈயில் வரும் அறிவிப்பைப் பார்த்தவர் அக்கேலிக்கு அசையமாட்டார். அங்கே நலமானவற்றில் தனக்கு விரும்புவதை என்ற கருத்துத் தரும் சொல்லொன்று கூடுதலாக உள்ளது. அந்தச் சொல் பெரிய காரியம் செய்கிறது. எனக்கு நலமானதை நான் விரும்புகிறேன். ஆகவே அவனுக்கு நலமானதை அவனுக்கு விரும்ப வேண்டும். பண்டம் மாறலாம், விருப்பம் மாறாது.

தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் வரலாற்றை நமது பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். அம்மனிதர் கிணற்றிலிறங்கித் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்டு மேலே வருகிறார். நாயொன்று நாக்கைத் தொங்கவிட்டு ஈரமண்ணை நக்குவதைக் காண்கிறார். எனக்கிருந்த அதே தாகம் இதற்கும் இருக்கிறதென்று எண்ணி, மீண்டும் இறங்கிக் காலணியிலே நீர் மொண்டு வந்து புகட்டுகிறார். அவர் செய்ததும் தன்னை வைத்துப் பிறிதோர் உயிரை அளந்ததுதான். எங்கள் மாணவன் செய்ததும் அதுவே. ஒன்று நேரே போய்ச் சேர்ந்தது, மற்றது தவறிற்று. வேறுபாடு எங்கே? தாகம் மனிதனுக்கும் நாய்க்கும் பொது. நீரின்றி இரண்டும் மாளும். இனிப்பு பொதுவன்று. தன் உடம்பிலிருந்து பிறர் உடம்புக்குப் பாலம் கட்டுகிறவன் இரு கரையிலும் நிலம் உண்டா என்று பார்த்தல் வேண்டும். பசி, தாகம், வலி, வெயில், குட்டியைப் பிரியும் துயரம் ஆகியவற்றில் நிலம் உண்டு. சுவையில், ஆடையில், அலங்காரத்தில், பெருநாள் கொண்டாட்டத்தில் பெரும்பாலும் இல்லை.

பூனையைக் கட்டிவைத்துக் கொன்ற பெண்ணைப் பற்றிய நபிமொழியை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். சொல்பவர்கள் உணவு கொடுக்காமையோடு நிறுத்திவிடுகிறார்கள். அவள் அதற்கு உணவளிக்கவுமில்லை, பூமியின் சிற்றுயிர்களைத் தின்னும்படி அவிழ்த்துவிடவுமில்லை என இரு பகுதிகளாக அது வந்திருக்கிறது. இரண்டாம் பகுதியை நான் பலகாலம் யோசித்திருக்கிறேன். பூனையின் உணவு எதுவென்பது அங்கேயே சொல்லப்பட்டுவிட்டது. நமது கையால் கொடுப்பது ஒரு கடமை என்றால், அதன் வழியில் அதை விட்டுவிடுவது அதற்கு நிகரான இன்னொன்று. அபூ கதாதா (ரழி) அவர்கள் வுழூச் செய்ய வைத்த நீரைப் பூனைக்குச் சாய்த்துக் கொடுத்ததும், பூனை அசுத்தமானதன்று, அது உங்களிடையே சுற்றித் திரிவனவற்றைச் சேர்ந்தது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக எடுத்துரைத்ததும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. சுற்றித் திரிவது என்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது. மடியில் இருத்தி ஊட்டப்படுவது என்றில்லை.

(நபியவர்கள் தூங்கும் பூனைக்காகத் தமது சட்டைக் கையை வெட்டினார்கள் என்ற கதை நம்பத்தகுந்த ஹதீஸ் கிரந்தங்களில் இல்லை. இராக்கில் வாழ்ந்த அஹ்மத் அர்ரிபாயி அவர்களின் வாழ்க்கை வரலாற்றில் அதையொத்த செய்தி வருகிறது. றிபாய் றாத்திபு நடக்கும் ஊர்களிலாவது இதை அவர் பெயரிலேயே சொல்லலாம்.)

பழைய முஸ்லிம் நகரங்கள் பூனைக்கு என்ன கொடுத்தன? கெய்ரோவில் வாழ்ந்து 1836 இல் நூல் வெளியிட்ட ஆங்கிலேயர் எட்வேட் லேன், தாம் கண்டதை எழுதியுள்ளார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் பைபர்ஸ் பூனைகளின் நலனுக்கென ஒரு தோட்டத்தை வக்பு செய்தார். காலப்போக்கில் அது கைமாறிச் சொற்ப வாடகையே எஞ்சியது. ஆயினும் காழியின் பொறுப்பில், பெரும்பாலும் அஸர் வேளையில், நீதிமன்ற முற்றத்திற்கு ஒரு பொதி கொண்டுவரப்பட்டுப் பூனைகள் அழைக்கப்பட்டன. பொதியில் இருந்தவை இறைச்சிக் கழிவுகள். ஹல்வாவும் பாகும் நிறைந்த கெய்ரோ நகரத்தில்! அந்த முற்றத்திலே பூனைக்கு எது வேண்டும் என்பதே கேட்கப்பட்டிருக்கிறது.

ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் பியாஜேயைப் படித்தோம். சிறு பிள்ளை தன் பார்வைக்கு அப்பால் இன்னொரு பார்வை உண்டென்பதை அறியாது, தான் நிற்குமிடத்திலிருந்து தெரியும் மலைதான் எல்லோருக்கும் தெரிகிறதென நினைக்கும் என்பது அவரது கூற்று. அது எந்த வயதில் மாறத் தொடங்குகிறது என்பதில் பின்னர் வந்தோர் அவரைத் திருத்தினர். 1997 இல் பெற்றி ரெபாகோலி, அலிசன் கொப்னிக் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் குழந்தைகள் முன்னே இரு கிண்ணங்களை வைத்தனர். ஒன்றில் மொறுமொறுப்பான பிஸ்கட், மற்றதில் பச்சைப் புரோக்கொலி. ஆய்வாளர் பிஸ்கட்டைச் சுவைத்து முகஞ்சுளித்தார், புரோக்கொலியைச் சுவைத்து மகிழ்ந்தார். பின் கையை நீட்டி எனக்குக் கொஞ்சம் தா என்றார். பதினான்கு மாதக் குழந்தைகள் தாம் விரும்பும் பிஸ்கட்டையே கொடுத்தன. பதினெட்டு மாதக் குழந்தைகள் புரோக்கொலியை எடுத்துக் கொடுத்தன. நாலு மாத இடைவெளியில் அவ்வளவு பெரிய வளர்ச்சி.

பூனை விடயத்தில் நம்மில் அநேகர் இன்னும் பதினான்கு மாதத்திலேயே நிற்கிறோம். பூனை விடயத்தில் மாத்திரமா என்றும் கேட்கலாம். 2004 டிசம்பரில் கடல் பொங்கிய பின்னர் நமது கரையோரங்களுக்கு வந்து குவிந்த உடுப்புகளிலே குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டைகளும் இருந்தன. கொடுத்தவர்களின் நிய்யத்தில் குறை காண முடியாது. தம்புள்ளைக் குகைவிகாரைக்குப் போகும் படிக்கட்டில் குரங்குகளுக்கு பிஸ்கட்டும் சோடாவும் நீட்டுகிறவர்களும் இரக்கத்தினாலேயே நீட்டுகிறார்கள். குரங்குக்கு இனிப்புத் தெரியும், அதனால்தான் அது பழகிப்போய்ப் பறிக்கவும் கடிக்கவும் தொடங்குகிறது. ஆகவே சுவை தெரிந்த உயிருக்குக் கொடுத்தாலும் கணக்கு முடிந்துவிடுவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவின் முதல் நூலாக அறிவைப் பற்றிய நூலை வைத்தார். வணக்கங்கள் பற்றியவை அதற்குப் பின்னரே வருகின்றன. நிய்யத்தை எடைபோடும் இறைவன் ஆறாம் தரத்துப் பிள்ளையின் பாதி டொபியைக் கைவிடமாட்டான் என்றே நானும் நம்புகிறேன். அப்பிள்ளைக்குத் தெரியாது. ஆனால் தெரிந்த பின்னரும் கொடுப்பவன், தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் கேளாதிருப்பவன், இவர்கள் அதே நிய்யத்தின் நிழலில் ஒதுங்க முடியாது. பூனை டொபியை நக்கும் காட்சியைக் காண்பதில் நமக்கொரு இன்பம் இருக்கிறது. அந்த இன்பம் நமக்குரியது. அதைப் பூனைக்குச் செய்த தர்மம் என்ற கணக்கில் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை.

இவ்வளவையும் மௌலவியிடம் சொன்னபோது அவர், "அப்ப புள்ளைக்கிட்ட என்னெண்டு சொல்ற? குடுக்காத எண்டு சொன்னா, நாளைக்கி மனிசருக்கும் குடுக்கமாட்டான்" என்றார். இது கனமான மறுப்பு. பத்து வயதில் ஒரு கையை மடக்கிவிட்டால் முப்பதில் அதை விரிக்க முடியாது. ஆசிரியத் தொழிலில் நான் பயப்படுவதும் இதற்குத்தான். சுகாதாரம் கற்பிக்கப்போய் கஞ்சத்தனம் கற்பித்துவிடக்கூடாது. ஆகவே கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. டொபியை நீ தின்னு, பூனைக்கு என்ன கொடுக்கலாம் என்று வீட்டில் பார்த்து வா என்றேன்.

மறுநாள் வகுப்பில் பலரும் பலதைச் சொன்னார்கள். பால் என்றார்கள். வளர்ந்த பூனைகளில் அநேகத்துக்குப் பாற்சீனி செரிப்பதில்லை என்று அதை நீக்கினோம். டின்பாலையும் நீக்கினோம். மீன் என்றார்கள், அந்த நாட்களில் மீன் யார் வீட்டில் இருந்தது? ஒரு பெண்பிள்ளை, தன் உம்மா நெத்தலி ஆயும்போது தலைகளைக் கிள்ளி எறிவதாகச் சொன்னாள். இதைவிட நல்ல விடையை நானும் யோசித்திருக்கவில்லை. காய்ந்த நெத்தலியில் உப்பு அதிகம். தலைகளைத் தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு அவித்துக் கொடுத்தால் போதும். காசு செலவில்லை, எவர் வாயிலிருந்தும் பிடுங்கியதுமில்லை. ஒரு சிரட்டையில் நீர் வைப்பதற்கு அதுவும் வேண்டாம். நன்மை கிடைக்குமா என்று கேட்ட பிள்ளை, "நெத்தலித் தல எறியிறதுதானே சேர், எறியிறதக் குடுத்தா நன்மையா?" என்று திருப்பிக் கேட்டான். தனக்குப் பெறுமதியானதை விட்டுக்கொடுத்தால்தான் கொடை என்பது அவன் மனதில் இருந்திருக்கிறது. அதிலும் உண்மையுண்டு. ஊறவைக்கவும் அவிக்கவும் நாள்தோறும் நினைவு வைத்திருக்கவும் ஆகும் பாட்டை அதோடு சேர்த்துக்கொள் என்றேன். அவன் முகத்தில் முழுத் திருப்தி தெரியவில்லை. இருபது வருடத்துக்கு மேல் கற்பித்தவன் என்ற முறையில், அந்தத் திருப்தியின்மை நல்லதென்று விட்டுவிட்டேன்.

வாசகர்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பூனை சொக்லட்டைத் தின்றுவிட்டதென்று தெரிந்தால் வாந்தியெடுக்க உப்புநீர் பருக்காதீர்கள். அது வேறொரு ஆபத்து. பால் கொடுத்தால் நஞ்சு முறியும் என்பதும் வெறும் பேச்சு. வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் இழுக்க வேண்டாம், குடல் அறுபடும். அருகிலுள்ள அரசாங்க மிருக வைத்தியரிடம் செல்லுங்கள். மாத்தளைக்காரருக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா மருத்துவமனை எட்டாத தூரமில்லை. போகும்போது சொக்லட் உறையையும் கையோடு கொண்டுபோங்கள். எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள்.